என்ஜினுக்கு ஒரு போட்டோ! எண் கட்சிக்கும் கண் கட்சிக்கும் ஓயாத சண்டை

திருவல்லிக்கேணியில் என்னதான் இல்லை? பார்த்தசாரதிப் பெருமாள் இருக்கிறார். காலாற நடக்கக் கடற்கரை இருக்கிறது. பக்கத்திலேயே சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். வெளியூரில் இருந்து வேலை தேடி வரும் இளைஞர்களுக்கு மேன்ஷன்கள். ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி. 1997-ம் ஆண்டு முதல் சொந்தமாக ஒரு ரெயில் நிலையம்கூட உண்டு.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ரெயில் என்ஜின்!

பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும் "பறக்கும் ரெயில்" திருவல்லிக்கேணி வழியாகத்தான் போகிறது. ஆனால் அது மின்சார ரெயில். பெட்டிக்கு அடியிலேயே மோட்டார் இருக்கிறது. முன்னால் நின்று வண்டியை இழுக்கத் தனியாக என்ஜின் கிடையாது. ஆகவே, ஒரு என்ஜினைப் பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும் என்றால் திருவல்லிக்கேணிவாசி எழும்பூருக்கோ, பேசின் பிரிட்ஜுக்கோதான் போக வேண்டும்.

அதற்காக மெனக்கெட்டுப் போகிறவர்களும் உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு!

சினிமா நட்சத்திரத்துக்கு ரசிகர்கள் இருப்பது போல, ரெயில் என்ஜினுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சென்னையில் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். பாங்கியில் வேலை பார்ப்பவர், கம்ப்யூட்டர் என்ஜினீயர், பள்ளிக்கூடப் பையன், பென்ஷன் வாங்கும் பெரியவர் என்று பலரகம். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள் காமிராவும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் புறப்பட்டு, ஏதாவது ஒரு பிளாட்பாரத்தின் கோடியில் போய் நின்றுகொள்வார்கள். வண்டி வரும். பிரயாணிகள் தங்கள் பெட்டியைத் தேடி ஓடுவார்கள். இவர்கள் என்ஜினைத் தேடுவார்கள். "கிளிக்!" வந்த காரியம் முடிந்தது.

சண்டை ஆரம்பமாவது அதற்கு அப்புறம்தான். எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும்போது, "இது ஒரு படமா?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் கிளம்பும்.

இரண்டு கட்சிகள்

ரெயில் ரசிகர்களில் இரண்டு கட்சிகள். ஒன்றுக்கு எண் கட்சி என்று பெயர் வைக்கலாம். மற்றது கண் கட்சி.

என்ஜின் முழுதாகத் தெரிய வேண்டும், அதன் எண்ணை எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிய வேண்டும், சக்கரம் முதல் கூரை வரை கூர்மையாக இருக்க வேண்டும் என்பது எண் கட்சியின் கொள்கை. படத்தைப் பார்த்ததும் மனம் ஒரு கணம் நிற்க வேண்டும், அது போதும் என்பது கண் கட்சி. இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தால், பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"தம்பி, படம் ஜோராக இருக்கிறது. என்ஜின் எங்கே?"

"அதோ, மரத்துக்குப் பின்னால் வருகிறதே, சார்!"

"நம்பர் தெரியவில்லையே?"

"நம்பர் எதற்கு, சார்? மேகத்தைப் பாருங்கள்!"

"மேகத்தை மெரினாவிலேயே பார்த்துக்கொள்ளலாமே. எதற்காகப் பேசின் பிரிட்ஜ் வரை போனாய்?"

எண் கட்சிக்காரர்களின் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு என்ஜினின் பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு, அதுவே ஒரு ஜாதகம். டபிள்யூ.ஏ.பி.-7 என்றால், டபிள்யூ அகலப் பாதையைக் குறிக்கும். ஏ என்பது மாறுமின்சாரம். பி என்றால் பிரயாணி வண்டி இழுப்பது. ஏழு என்பது அந்த இனத்தில் ஏழாவது மாதிரி. மீட்டர் பாதைக்கு ஒய். சரக்கு வண்டிக்கு ஜி. இந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க எண்ணும், ராயபுரம், அரக்கோணம், ஈரோடு என்று அதைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயரும் இருக்கும். இவ்வளவும் தெரிந்தால்தான் "இன்ன என்ஜின், இன்ன தேதியில், இன்ன வண்டியை இழுத்தது" என்று எழுதிவைக்க முடியும். தெரியாவிட்டால் அது ஏதோ ஒரு என்ஜின்.

முக்கால் முகம்

ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்ணைப் படம் பிடிக்கும்போது, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்பார்கள் அல்லவா? என்ஜினுக்கும் அதே சாஸ்திரம்தான். நேர் எதிரே நின்று எடுத்தால் மூக்கு மட்டும் தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் முகம் தெரியாது. சாய்வாக நின்று, முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து விழும்படி எடுப்பதே பல தலைமுறைகளாக வழக்கம். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மேலே இருக்க வேண்டும். நீராவி என்ஜினாக இருந்தால் இன்னொரு நிபந்தனை. சக்கரங்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டு சுழற்சியில் கீழே வந்திருக்கும் கணத்தில் எடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் மறையாமல் தெரியும்.

இதைச் சென்னை வெயிலில் செய்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. என்ஜினின் கூரை பளபளக்கும். சக்கரங்களோ இருட்டில் கிடக்கும். அதனால்தான் விடியற்காலை ஓட்டமும், மாலை ஓட்டமும். தாம்பரம் மார்க்கம் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போவதால், காலையில் கிழக்குப் பக்கம் நிற்க வேண்டும். மாலையில் மேற்குப் பக்கம். எதிர்ப் பக்கம் போய் நின்றுவிட்டால் கிடைப்பது வெறும் கருநிழல். எண் கட்சிக்காரர் அதைக் கிழித்துப் போடுவார். கண் கட்சிக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்!

வேகம் இன்னொரு தொல்லை. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 28 மீட்டர் தூரம் ஓடிவிடும். அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்டிக் காமிராவின் கண் 1/25 செகண்டு திறந்திருந்தால், அதற்குள் வண்டி ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் என்ஜினுக்குப் பதில் ஒரு தீற்றல்தான் இருக்கும். 1/500 செகண்டிலும்கூட ஐந்தரை சென்டி மீட்டர் நகர்கிறது. எதிரே வரும் வண்டி, குறுக்கே பாய்கிற வண்டியைவிடக் குறைவாகக் கலங்கும். முக்கால் முகம் வழக்கமானதற்கு அழகு மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் காரணம்.

இன்றைய கைப்பேசிக் காமிராவுக்கு வேறு குறை. அது படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. வரி வரியாக எடுக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் வண்டி நகர்ந்துவிடுவதால், குறுக்கே ஓடும் ரெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடுவது போலப் பதிவாகிவிடும்.

சாம்பல் வர்ணமும் கரும்புகையும்

உண்மையை உள்ளது உள்ளபடி எடுப்பதே எங்கள் தர்மம் என்று மார்தட்டும் எண் கட்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி. சென்ற நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் என்ஜின் தொழிற்சாலைகள், புது என்ஜினை விற்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளும். கறுப்பு வர்ணத்தில் நுணுக்கங்கள் தெரியாது அல்லவா? ஆகவே போட்டோவுக்காகவே சாம்பல் வர்ணம் பூசுவார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் அசல் வர்ணத்தை அடிப்பார்கள். பின்னணியில் இருக்கும் தொழிற்சாலைக் கட்டிடத்தையும் படத்தில் வெள்ளையாக மறைத்துவிடுவார்கள். எண் கட்சிக்காரர்கள் வேதம் போல் மதிக்கும் பழைய படங்களில் பல இப்படி ஒப்பனை செய்து எடுத்தவைதான்.

கண் கட்சியின் பலவீனம் புகை. புகை இல்லாத நீராவி என்ஜின் படம் அவர்களுக்குப் படமே அல்ல. வானம் முழுக்கக் கருமையாகப் புகை எழும்ப வேண்டும். ஆனால், கரும்புகை என்றால் என்ன? எரிபொருள் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். திறமையான பயர்மேன் வேலை பார்க்கும் என்ஜினில் கரும்புகை அதிகம் வராது. "ஆகா!" என்று ரசிகர் கூவும் அதே படத்தைப் பார்த்து, ரெயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர் தலையில் அடித்துக்கொள்வார்.

வெள்ளைப் புகை என்று நாம் சொல்வதோ புகையே அல்ல. குளிர்ந்த காற்றில் பட்டுத் துளித்துளியாகும் நீராவி. வடநாட்டுக் குளிர்காலக் காலையில் அது பஞ்சுப் பொதி போலத் திரளும். சென்னை வெயிலில் குழாயை விட்டு வந்ததும் கரைந்துவிடும். நீராவி காலத்துச் சென்னைப் படங்கள் சற்று வெறிச்சென்று இருந்தால், குற்றம் காமிராக்காரருடையது அல்ல. நம் ஊர்ப் புழுக்கத்தினுடையது.

நீலகிரி மலை ரெயிலில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி என்ஜின் வண்டியின் முன்னால் இருப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் காமிராவை நீட்டிக் காத்திருக்கும் புது ரசிகருக்கு முதலில் பெட்டிகள்தான் வரும். என்ஜின் வரும்போது அவர் காமிராவை மூடியிருப்பார்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் நீராவி என்ஜின்கள் விடைபெறும் நேரத்தில், 1965-ம் ஆண்டில், காலின் கிப்போர்டு என்பவர் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். அதில் என்ஜின் மட்டுமா இருந்தது? புகைபடிந்த வீடுகள், ஆலைக் கூண்டுகள், பாலங்கள், காத்திருக்கும் மனிதர்கள் எல்லாம் இருந்தன. பல படங்களில் என்ஜின் எங்கோ ஒரு மூலையில். முக்கால் முகத்தில் ஊறிய பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் கொண்டாடினார்கள்.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்ற நியூயார்க் போட்டோகிராபர் வேறு பாதையில் போனார். 1955-ம் ஆண்டு முதல் சுமார் ஐந்து ஆண்டு, நார்போக் அண்டு வெஸ்டர்ன் ரெயில்வேயின் கடைசி நீராவி வண்டிகளை இரவில் படமெடுத்தார். இருட்டில் என்ஜின் தெரிய வேண்டுமே! தண்டவாளத்தின் ஓரமாகப் பல்புகளை வரிசையாகக் கட்டி, கம்பி இழுத்து, வண்டி வரும் கணத்தில் எல்லாவற்றையும் ஒரே நொடியில் எரியவைத்தார். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில் திறந்தவெளி சினிமாக் கொட்டகை. கார்களில் அமர்ந்து மக்கள் படம் பார்க்கிறார்கள். திரையில் ஒரு விமானம். பின்னால் புகை கக்கியபடி ரெயில் ஓடுகிறது. 1956-ல் எடுத்தது. பல்பு வெளிச்சத்தில் சினிமாத் திரை வெளுத்துப் போய்விட்டதால், விமானத்தைத் தனியாக எடுத்து இருட்டறையில் ஒட்டினார் லிங்க்.

அப்படியானால் அது உண்மைப் படமா, பொய்ப் படமா? திருவல்லிக்கேணித் தேநீர்க் கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால், அடுத்த தேநீருக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுக்க வேண்டியிருக்கும்.

கண் முன்னே ஓடிய 20 என்ஜின்கள்

வெளிநாட்டு விஷயம் கிடக்கட்டும். நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம்.

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ம் ஆண்டில். பிற்பாடு அந்தப் பாதை 25 ஆயிரம் வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. அதற்காக 1960-களின் நடுவில் ஜப்பானில் இருந்து 20 என்ஜின்கள் வந்தன. ஒய்.ஏ.எம்.-1 என்று பெயர். விழுப்புரம் வரை ஓடின. இந்த ரக மீட்டர் பாதை மின்சார என்ஜின் இந்தியாவில் வேறு எங்கும் கிடையாது. சென்னையின் தனிச் சொத்து!

சுமார் 40 ஆண்டுகள் அவை மாம்பலத்தையும் கிண்டியையும் கடந்து போயின. ஆபீசுக்குப் போகிறவர்கள் தினமும் பார்த்தார்கள். 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் மீட்டர் பாதைப் புறநகர் வண்டி நின்றது. ஒன்றிரண்டு காட்சிப் பொருளாக நிற்கின்றன. மற்றவை பழைய இரும்பாகிவிட்டன.

அவற்றைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். படம் எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

யாரையும் குறை சொல்ல முடியாது. காமிரா அன்று பணக்காரர் வீட்டுப் பொருள். பிலிம் ரோலில் பத்து, முப்பது படங்கள்தான். குழந்தையின் பிறந்த நாளுக்கும், திருப்பதி மொட்டைக்கும் வைத்திருக்கும் பிலிமை யாராவது தாம்பரம் வண்டிக்குச் செலவு செய்வார்களா? போதாக்குறைக்கு, யுத்த காலங்களில் பாலமும் ஸ்டேஷனும் ராணுவ முக்கியத்துவம் உள்ள இடங்கள். காமிராவை எடுத்தாலே, "யார் நீ? எதற்கு எடுக்கிறாய்?" என்ற கேள்வி வரும். இந்திய நீராவி என்ஜின்களின் நல்ல படங்களில் கணிசமானவை, 1970-களிலும் 1980-களிலும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர்கள் எடுத்தவை. நம்முடைய என்ஜினை நாம் பார்க்க அவர்களுடைய ஆல்பத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எண் கட்சிக்காரரின் பேச்சுக்குக் கனம் கூடிவிடுகிறது. பழைய படம் ஒன்று கிடைக்கிறது. அழகான அந்திவானம், கறுத்த என்ஜின் உருவம். எந்த என்ஜின்? எந்த ஊர்? எந்த ஆண்டு? ஒன்றும் தெரியாது. இன்னொரு படம், சாதாரணப் படம்தான். ஆனால் எண் தெரிகிறது. பின்புறத்தில் யாரோ பென்சிலால் தேதியும் ஸ்டேஷன் பெயரும் எழுதியிருக்கிறார்கள். "மேலே பச்சை, கீழே மஞ்சள் பட்டை" என்று ஒரு குறிப்பு இருந்தால் இன்னும் மேல். கறுப்பு வெள்ளைப் படத்தில் வர்ணம் தெரியாது அல்லவா? எதிர்காலத்துக்கு உதவுவது இரண்டாவது படம்தான்.

ஆனால், கண் கட்சிக்காரரிடம் பாம்பன் இருக்கிறது.

1914-ம் ஆண்டு திறந்த பாம்பன் பழைய பாலத்தின் மேல் ரெயில் ஊர்ந்து போவதைப் பக்கத்தில் உள்ள சாலைப் பாலத்தில் நின்று எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நீலக்கடல், நீண்ட பாலம், நடுவே ரெயில். என்ஜின் எறும்பு அளவுதான் தெரியும். எண்ணா? பூதக்கண்ணாடி வைத்தாலும் கிடைக்காது. "இது கடல் படம், என்ஜின் படம் அல்ல" என்று எண் கட்சி தள்ளிவைத்தது.

2022-ம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரெயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தின் மேல் ரெயில் போகும் காட்சியை இனிமேல் யாரும் எடுக்க முடியாது. அந்த என்ஜின்களில் பல இப்போதும் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். போனது என்ஜின் அல்ல, அந்த இடம். மறையப்போவது எது என்று படம் எடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பிளாட்பாரத்துத் தண்ணீர்த் தொட்டியும், வேர்க்கடலை விற்கும் பையனும், கை காட்டி மரமும் கண் கட்சியின் படங்களில்தான் இருக்கின்றன. எண் கட்சிக்காரர் அவற்றை "இடைஞ்சல்" என்று ஒதுக்கி நின்று எடுத்துவிட்டார்.

எண்ணை எழுதும் மெஷின்

இப்போது இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு வில்லன் வந்திருக்கிறான்.

மின்சாரப் பாதை வந்த பிறகு, என்ஜின் முகத்துக்கு நேரே கம்பம், தலைக்கு மேலே கம்பி. படம் எடுப்பவருக்கு எரிச்சல்தான். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் கம்பம் மறைகிறது. பின்னால் தெரியும் குப்பைமேடு பசும்புல் ஆகிறது. இது கண் கட்சி செய்யும் தப்பு.

எண் கட்சியின் தப்பு இதைவிடப் பெரியது. மங்கிப்போன பழைய படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று செயற்கை அறிவு மெஷினிடம் கொடுக்கிறார்கள். படம் பளிச்சென்று வருகிறது. எண்ணும் தெரிகிறது! ஆனால் அது படத்தில் இருந்த எண் அல்ல. மெஷின் ஊகித்து எழுதிய எண். அது 3 ஆக இருந்திருக்கலாம், 8 ஆகவும் இருந்திருக்கலாம். இல்லாத ஆணிகளையும் வரிசையாக அடித்துக் கொடுக்கிறது. நாளைக்கு அந்தப் படத்தை வைத்து ஒருவர் சரித்திரம் எழுதுவார். ஓடாத என்ஜின் ஓடியதாகிவிடும்.

லிங்க் ஒட்டிய விமானம் சினிமாத் திரைக்குள்தான் இருந்தது. என்ஜினில் அவர் கைவைக்கவில்லை. மங்கிய படம் மங்கியே இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுப்பவர்களைப் பற்றி இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம். அவர்களை ரசிகர்கள் என்றே சேர்ப்பதில்லை. அத்துமீறி நுழைந்தால் 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மின்சார என்ஜின் சத்தமில்லாமல் வரும். காமிரா வழியே பார்ப்பவருக்குத் தூரம் மட்டுப்படாது. சட்டத்தைவிட அதுதான் கடுமையானது.

சாயங்கால வண்டி

மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பேசின் பிரிட்ஜ் வரை யார் போவது? அப்போது மாடியில் இருக்கும் திருவல்லிக்கேணி ஸ்டேஷனே கதி. ஒரு பக்கம் வீட்டு மொட்டை மாடிகளில் நனையும் துணிகள். கீழே கால்வாய். வேளச்சேரி வண்டி வெளிச்சத்தோடு வளைந்து வரும்.

இந்த வண்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முகப்பில் ஊர்ப் பெயர் காட்டும் மின்பலகை, கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. 1/1000 செகண்டில் எடுத்தால் "வேள" மட்டும் வரும், "ச்சேரி" வராது. வேகத்தைக் குறைத்து எடுத்தால் பெயர் முழுதாக விழும். வண்டி கலங்கிவிடும்.

"என்ஜினே இல்லாத வண்டிக்கு எதற்கு, சார், இவ்வளவு பாடு?" என்பான் கண் கட்சி இளைஞன், குடையைக் காமிராவுக்குப் பிடித்துக்கொண்டு.

"மோட்டார் கோச்சுக்கும் நம்பர் உண்டு, தம்பி. குடையைக் கொஞ்சம் உயர்த்து, மறைக்கிறது!" என்பார் பெரியவர்.